உங்கள் அப்பாவின் பூஜ்யங்களை நான் நீக்கியது தொடர்பாக

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

உங்கள் தம்பியின் மனைவி, நாற்காலி நுனியில் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்து எழுதிக்கொள்வது. நீங்களும் அண்ணாவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உடம்பைத் தவிர மற்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மாமா உங்களுக்குப் போன் செய்து, "மருமக என்னை வரி வரியா அழிச்சிட்டிருக்கா" என்று குரல் கம்மச் சொன்னதாகவும், நீங்கள் பதறிப்போனதாகவும் அறிந்தேன். "அங்க என்னதான் நடக்குது? ஒண்ணு விடாம எழுது" என்று நீங்கள் அனுப்பிய செய்தியும் கிடைத்தது. போனில் சொல்லலாம்தான். ஆனால் இந்த வீட்டுச் சுவர்களின் லட்சணம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. சமையலறையில் நான் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் மாமா அவர் அறையிலிருந்து செருமுகிறார். அதனால்தான் கையால் எழுதுகிறேன். பேனா சத்தம் போடாது.

நான் அழிப்பது உண்மை. ஆனால் மாமாவை இல்லை, மாமா எழுதின வரிகளை. இரண்டும் ஒன்றுதான் என்று மாமா நினைத்ததில்தான் வினையே ஆரம்பித்தது.

முதலில் அந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் உங்கள் புகுந்த வீட்டில் மாமாவை இன்னமும் "டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவர்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அண்ணாவே ஒருமுறை "பஸ்ஸா, லாரியா?" என்று மாமாவிடம் நேரில் கேட்டுவிட, அன்றைக்கு முழுக்க மாமா சாப்பிடாமல் இருந்தார். மாமா ஓட்டினவர் இல்லை, எழுதினவர். கம்ப்யூட்டருக்கும் சேமிப்புப் பெட்டிக்கும் நடுவில் ஒரு புரோகிராம் இருக்கிறது. "இந்தப் படத்தை வாங்கி உள்ளே வை" என்று பெட்டியிடம் சொல்லி, பெட்டி வைத்ததா இல்லையா என்று கம்ப்யூட்டருக்குத் தகவல் கொடுக்கும். அதற்குப் பெயர்தான் டிரைவர். எங்கள் கம்பெனி விற்கிற பெட்டிகளுக்கு அதை எழுதினவர் மாமா. அவருக்குக் கீழேதான் நான் வேலைக்குச் சேர்ந்தேன், "அடுத்தவங்க தப்பை இப்படிக் கண்டுபிடிக்கிற பொண்ணை நான் பாத்ததே இல்ல" என்று பெருமையாகச் சொல்லித்தான் என்னை உங்கள் தம்பிக்குக் கட்டி வைத்தார். அந்த அடுத்தவர்களில் தானும் ஒருவர் என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை போலிருக்கிறது. அவர் ஓய்வு பெற்றதும் அந்த டிரைவர் என் தலையில் விழுந்தது.

மாமாவுக்கு ஒரு பழக்கம். எந்த வேலையை ஆரம்பித்தாலும் முதல் வரியில், விடை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூஜ்யத்தைப் போட்டு வைப்பார். எங்கள் புரோகிராமில் பூஜ்யம் என்றால் "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்று அர்த்தம். அடுத்த வரியிலேயே பெட்டியிடம் கேட்டு, அது சொன்ன உண்மையான விடையை அந்தப் பூஜ்யத்தின் மேலேயே எழுதுவார். அதாவது வாசல் பலகையில் "வீட்டில் இருக்கிறேன்" என்று எழுதிவிட்டு, தெருவில் ஒரு ஆள்கூட அதைப் படிப்பதற்கு முன்னால் அழித்து "வெளியே போயிருக்கிறேன்" என்று எழுதுகிற மாதிரி. முதலில் எழுதினது யாருக்கு? யாருக்கும் இல்லை. இப்படி யாருக்கும் இல்லாத பூஜ்யங்கள் அந்த டிரைவர் முழுக்கக் கொட்டிக் கிடக்கின்றன, அக்கா. கூட்டிப் பெருக்கினால் ஒரு வாளி தேறும்.

எங்கள் ஆபீசில் புதிதாக ஒரு சோதனைக் கருவி வாங்கினார்கள். அது நிரலை, அதாவது புரோகிராமின் வரிகளை, படித்துவிட்டு, எங்கெல்லாம் எழுதின மதிப்பை யாரும் படிக்கவில்லையோ அங்கெல்லாம் சிவப்புக் கோடு போடும். மாமாவின் டிரைவரை அதற்குள் விட்டோம். திரை அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. சிவப்பைக் கண்டாலே வியர்த்துப்போகிற எங்கள் மேனேஜர், "அத்தனையும் போகணும்மா, நீதான் செய்யணும், உன் வீட்டு விஷயம்தானே" என்று சொல்லிவிட்டு, ஒரு கூட்டத்துக்குப் போனவர் போனவர்தான்.

எங்கள் டிரைவர் பொதுவில் இருக்கிற நிரல். யார் எதைத் திருத்தினாலும் ஒரு மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பவேண்டும், குழுவில் இருக்கிற யாரும் கருத்துச் சொல்லலாம். மாமா வேலையை விட்டாரே தவிர குழுவை விடவில்லை. நான் ஹாலில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து முதல் திருத்தத்தை அனுப்பினேன், அக்கா. சுவருக்கு அந்தப் பக்கம் டிங் என்று ஒரு சத்தம். அப்புறம் ஒரு பெருமூச்சு. அப்புறம் மாமா தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். மாமா தட்டச்சு செய்தால் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். சற்று நேரத்தில் என் திரையில் டிங். "மதிப்பிற்குரிய நிரலாளர் அவர்களுக்கு, தங்கள் திருத்தம் கண்டேன். அது வேண்டாத வரி என்று தங்களுக்குச் சொன்னது யார்? கருவியா? அந்தக் கருவி பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த வரி வேலை செய்துவருகிறது. நிராகரிக்கிறேன்." நான் படித்து முடிப்பதற்குள் அறைக் கதவு திறந்தது, மாமா வந்தார், "காபி இருக்காம்மா?" என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி. கொடுத்தேன். குடித்தார். "சூடு பத்தல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நானும் விடவில்லை. "மதிப்பிற்குரிய முன்னாள் பொறுப்பாளர் அவர்களுக்கு, அந்த வரி வேலை செய்யவில்லை. இத்தனை வருடமும் சும்மாதான் இருந்தது. அதனால்தான் நீக்குகிறேன்" என்று பதில் அனுப்பினேன். சத்தியமாக வரியைப் பற்றித்தான் எழுதினேன் அக்கா. உலகம் முழுக்கப் படிக்கிற குழுவில் வீட்டுக் கதையை யாராவது எழுதுவார்களா?

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் மாமா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "சும்மா இருக்கறதையெல்லாம் தூக்கிடணும்னா, அப்ப நான் எப்பக் கிளம்பட்டும்?"

எனக்குச் சோறு புரையேறிவிட்டது. உங்கள் தம்பியைப் பார்த்தேன். அவர் பல் டாக்டர், நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைக்கிறவர், வீட்டுக்கு வந்தால் தன் வாயைத் திறக்கமாட்டார். அப்பா பேச்சு வந்தால் சுத்தமாகத் திறக்கமாட்டார். தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டார். மாமா நேராக அறைக்குப் போய் உங்களுக்குப் போன் போட்டார். நீங்கள் கேள்விப்பட்டது இந்த இடம் வரைக்கும்தான்.

இதற்குப் பிறகு எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. வேண்டாத ரோஷம், ஒப்புக்கொள்கிறேன். கருவி சொன்னதோடு நிற்காமல், சொல்லாததையும் கை வேகத்தில் நீக்கிக்கொண்டே போனேன், தலைமுடியில் பேன் பார்க்க ஆரம்பித்தவள் புருவம் வரைக்கும் வந்துவிட்ட மாதிரி. ஒரு இடத்தில் மாமா பெட்டிக்கு ஒரு பூஜ்யத்தை அனுப்பிவிட்டு, உடனே அதே இடத்துக்கு வேறு எண்ணை அனுப்பியிருந்தார். "பாரு, இங்கயும்!" என்று தூக்கி எறிந்தேன். எங்கள் ஆபீஸ் சோதனைச் சாலையில் ஒருவர் இருக்கிறார், தொட்டதெல்லாம் உடைவதால் அவருக்குச் சுத்தியல் என்று பெயர். மறுநாள் காலையில் சுத்தியல் என் மேஜைக்கு வந்தார். "மேடம், நான் எதையும் தொடல. ஆனா ஒரு பெட்டியும் எந்திரிக்க மாட்டேங்குது." போய்ப் பார்த்தால் அலமாரி நிறையப் பெட்டிகள், விளக்கு எரிகிறது, மூச்சுப் பேச்சு இல்லை. ஆபீஸ் மொத்தமும் அங்கே கூடிவிட்டது. கூட்டத்துக்குப் போன மேனேஜர்கூடக் கூட்டத்திலிருந்து வந்துவிட்டார். விஷயம் என்னவென்றால், அந்த ஒரு பூஜ்யம் விடை எழுதுகிற பலகையில் போட்டது இல்லை, பெட்டியின் தோளில் தட்டினது. முதலில் தட்டி எழுப்பிவிட்டுத்தான் பெட்டியிடம் வேலை சொல்லவேண்டும். நான் தட்டுகிறதை நீக்கிவிட்டு, தூங்குகிறவனுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தேன்.

மாமாவின் மின்னஞ்சல் ஒரே வரிதான். "எழுப்பாமல் எழுந்திருக்க அது என்ன என் மருமகளா?" உலகம் முழுக்கப் படிக்கிற குழுவில், அக்கா! எங்கேயோ இருக்கிற முகம் தெரியாத ஆட்களெல்லாம் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். அன்று சாயங்காலம் வீட்டில் மாமா பாட்டை முணுமுணுத்துக்கொண்டே செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றினது பிளாஸ்டிக் செடிக்கு. அவ்வளவு சந்தோஷம்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நீக்கினதையெல்லாம் ஒவ்வொண்ணா நீயே பாரு, தப்பா நீக்கினது இருந்தா திருப்பி வை, இல்லாட்டி இந்த டிரைவரை வேற ஆள்கிட்ட கொடுத்துடறேன்" என்றார். அழுகை வந்தது, அழவில்லை, ஆபீஸ் கழிவறையில் குழாயை மட்டும் கொஞ்ச நேரம் திறந்துவிட்டேன். அப்புறம் சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். பெட்டியில் ஒரு படத்தைச் சேமிக்கிற இடம் வந்தது, டிரைவரின் நடு நெஞ்சு மாதிரி. அங்கேயும் மாமாவின் முதல் பூஜ்யத்தை நீக்கியிருந்தேன். நாங்கள் எழுதுகிறதைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருகிற கம்பைலர் ஒரு எச்சரிக்கை கொடுத்தது: ஒரே ஒரு வழியில் போனால் விடை இருக்க வேண்டிய இடத்தில் யாருமே எதையும் எழுதுவதில்லை. எந்த வழி என்று பார்த்தேன். பெட்டி பதிலே சொல்லாமல் போனால் வருகிற வழி. அந்த வழியில் "பெட்டி பதில் சொல்லவில்லை" என்று எழுதவேண்டும், மாமா மறந்திருக்கிறார். மறந்தது இத்தனை வருடமும் வெளியே தெரியவில்லை, ஏனென்றால் ஆரம்பத்தில் போட்ட பூஜ்யம் அங்கே பத்திரமாக உட்கார்ந்திருந்தது. பூஜ்யம் என்றால் நல்லபடியாக முடிந்தது. அதாவது பெட்டி செத்துக் கிடந்தாலும் டிரைவர் பல்லைக் காட்டிக்கொண்டு "சேமித்தாயிற்று" என்று சொல்லியிருக்கிறது.

மறைக்காமல் சொல்கிறேன், முதலில் நான் நாற்காலியிலேயே உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடினேன். குழுவுக்கு மின்னஞ்சலும் எழுதிவிட்டேன், மருமகள் நகைச்சுவைக்கு வட்டியும் முதலுமாக. அனுப்புகிற பொத்தானில் விரல் வைத்தபோதுதான் அத்தையின் சைக்கிள் வீடியோ ஞாபகத்துக்கு வந்தது.

நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நடந்தது, நீங்கள் கூட இருந்தீர்கள். அத்தை ஐம்பது வயசுக்கு மேல் சைக்கிள் கற்றுக்கொண்டு, மாமா பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி, நடுவில் விட்டுவிட, அத்தை பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியோடு சாய்ந்து, தெருவே கேட்கிற மாதிரி மாமாவைத் திட்டினதை உங்கள் தம்பி படம் பிடித்தார். கேமராவிலிருந்து மாமாவின் பெட்டியில் ஏற்றினார். "சேமித்தாயிற்று" என்று வந்தது. கேமராவில் இருந்ததை அழித்தார். அத்தை நம்மை விட்டுப் போன பிறகு எல்லோரும் உட்கார்ந்து பார்க்கலாம் என்று திறந்தால், பெயர் மட்டும் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. "சேமித்தாயிற்றுன்னு வந்துச்சுப்பா" என்றார் இவர். "என் டிரைவர் பொய் சொல்லாது. நீதான் நடுவுல கேபிளைப் பிடுங்கியிருக்கே" என்றார் மாமா. டிரைவர் பேச்சா, மகன் பேச்சா என்று வந்தபோது மாமா டிரைவரை நம்பினார். அன்றிலிருந்து அப்பாவும் மகனும் ஒருவருக்கொருவர் நேராகப் பேசிக்கொண்டதே இல்லை, நான் வந்த பிறகு எல்லாம் என் வழியாகத்தான். "உப்பை நகர்த்தச் சொல்லு", "நகர்த்தியாச்சுன்னு சொல்லு." உப்பு ஒரு முழத்தில் இருக்கும், அக்கா.

மின்னஞ்சலை அழித்துவிட்டு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாமா அறைக்குப் போனேன். "என்னம்மா, தோல்வியை ஒத்துக்க வந்தியா?" என்றார். மடிக்கணினியைத் திருப்பி அந்த இடத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு வந்தார். அந்த வழி வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"இங்க ஒண்ணும் எழுதலையே" என்றார்.

"இல்ல மாமா."

"யாரு எழுதினது இது?"

"நீங்கதான் மாமா."

"அது தெரியுது" என்றார் எரிச்சலோடு. மேலிருந்து மறுபடி ஒரு தடவை படித்துவிட்டு, "பரண்ல அந்தப் பழைய பெட்டி இருக்கா?" என்றார்.

நான் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள அவரே ஏறி எடுத்தார், வேண்டாம் என்று சொன்னால் கேட்டால்தானே. தூசி தட்டிப் பழைய கம்ப்யூட்டரில் செருகி, எதையோ ஒரு படத்தை ஏற்றவிட்டு, நடுவில் தன் கையாலேயே கேபிளைப் பிடுங்கினார். திரையில் வந்தது: சேமித்தாயிற்று. திரும்பச் செருகித் திறந்து பார்த்தார். பெயர் இருந்தது, உள்ளே காலி. மறுபடி செய்தார். சேமித்தாயிற்று. மறுபடி. சேமித்தாயிற்று. கடைசியில் கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"அவன் அப்பவே சொன்னான்" என்றார்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த மாடல் பெட்டி தானாகவே அடிக்கடி தூங்கிப்போகும், அன்றைக்கும் அப்படித்தான் பதில் சொல்லாமல் தூங்கியிருக்கும், கேபிளை யாரும் பிடுங்கியிருக்கத் தேவையே இல்லை என்று நாங்கள் இரண்டு பேரும் பேசி முடிவுக்கு வந்தோம். ஆக நம் குடும்பத்தில் யார் மேலும் குற்றமில்லை, டிரைவரைத் தவிர. டிரைவர் குற்றம் மாமாவுடையது. அதை மாமாவே சொன்னார்.

சரி, மன்னிப்புக் கேட்கவேண்டும். எப்படி? இத்தனை வருடம் பேசாத மகனிடம் மாமாவுக்கு நேராகப் போய் நிற்கத் தெரியவில்லை. நான் சொல்கிறேன் என்றேன், "இது உன் வழியாப் போற உப்பு இல்ல" என்றார். திங்கட்கிழமை என்ன செய்தார் தெரியுமா? உங்கள் தம்பியின் கிளினிக்குக்குப் போன் போட்டு, முறையாக நேரம் வாங்கினார். பல்வலி வந்தால் மகனிடம் போகமாட்டேன் என்று மூன்று பஸ் மாறி வேறு டாக்டரிடம் போய்க்கொண்டிருந்த மனிதர்! துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கிளினிக்கில் உதவிக்கு இருக்கிற பெண், பெயரைக் கூப்பிட்டுவிட்டு, யாரென்று பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா போய் அந்தச் சாய்வு நாற்காலியில் சட்டென்று படுத்துக்கொண்டார். உங்கள் தம்பி முகமூடியோடு வந்தார், பார்த்தார், என்னைப் பார்த்தார், விளக்கைப் போட்டார்.

"வாயைத் திறக்கச் சொல்லு" என்றார் என்னிடம்.

மாமா திறந்தார். பேசத்தான் திறந்தார், ஆனால் அதற்குள் அந்தப் பெண் பழக்க தோஷத்தில் இரண்டு பக்கமும் பஞ்சை வைத்து, எச்சில் உறிஞ்சுகிற குழாயையும் மாட்டிவிட்டாள். மாமா அந்த நிலையிலேயே ஆரம்பித்துவிட்டார். "அன் ஏலதான் அப்பு" என்றார்.

"என்ன சொல்றார்?" என்று என்னைக் கேட்டார் உங்கள் தம்பி.

"அன் ஏலதான் அப்பு! ஏவள் ஒய் ஒன்னது!"

"கேபிள் பொய் சொன்னதா?"

"இல்லங்க, டிரைவர்" என்றேன் நான்.

மாமா குழாயைப் பிடுங்கி எறிந்தார், அது அந்தப் பெண்ணின் மேல் தண்ணீரை அடித்துக்கொண்டு தரையில் பாம்பு மாதிரி நெளிந்தது. "என் மேலதான் தப்பு! டிரைவர்தான்டா பொய் சொல்லிச்சு! நீ சொன்னது நிஜம். நான் எழுதினதுல ஓட்டை. உன்னை நம்பாம அதை நம்பிட்டேன்" என்றார், ஒரு கன்னத்தில் பஞ்சோடு. உங்கள் தம்பி நிமிர்ந்தார். முகமூடிக்கு மேல் கண் மட்டும்தான் தெரிந்தது, அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அப்புறம் குனிந்து விளக்கைச் சரி செய்துகொண்டு, "அப்பா, கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தை. எந்த மடையன் அடைச்சது இதை?" என்றார். நேராக, அக்கா! என்னைப் பார்க்காமல், அப்பாவைப் பார்த்து! நான் வெளியே வந்து காத்திருப்போர் வரிசையில் உட்கார்ந்து, யாரோ ஒருவர் கொடுத்த கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினேன்.

என் திருத்தம், மாமா மறந்த வழிக்கு "பெட்டி பதில் சொல்லவில்லை" என்ற விடையோடு, மறுநாள் டிரைவரில் சேர்ந்துவிட்டது. பெட்டியை எழுப்புகிற வரியை அதன் இடத்தில் திருப்பி வைத்து, பக்கத்தில் அது எதற்கு என்று ஒரு விளக்கமும் எழுதிவிட்டேன். மாமா குழுவுக்கு எழுதினார்: "படித்தேன், சோதித்தேன், ஒப்புக்கொள்கிறேன். பிழை என்னுடையது." மேனேஜர் திரை பச்சையாகிவிட்டது என்று இனிப்பு வாங்கிக் கொடுத்தார். டிரைவர் என்னிடமே இருக்கிறது.

வீடியோ திரும்பி வராது. ஆனால் இப்போது இரண்டு பேரும் தினமும் ஹாலில் உட்கார்ந்து, சைக்கிளிலிருந்து விழுந்தபோது அத்தை சரியாக என்ன சொன்னாள் என்று சண்டை போடுகிறார்கள். "பாவி மனுஷா, விட்டுட்டியே" என்றாள் என்கிறார் மாமா. "படுபாவி மனுஷா" என்கிறார் உங்கள் தம்பி. இந்தப் "படு" விஷயத்தில் சாப்பாடு ஆறிப்போகிறது. நீங்கள் அன்றைக்கு அங்கே இருந்தவர், யோசித்துத் தீர்ப்புச் சொல்லவேண்டும். அதோடு, இத்தனை நாள் தம்பி மேல்தான் தப்பு என்று நீங்களும் நினைத்திருந்தால், ஒரு வார்த்தை அவரிடம் பேசிவிடுங்கள்.

அண்ணாவுக்கு என் வணக்கம், வண்டி விஷயத்தை இனியாவது மறக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே வளரட்டும், பல் நம் வீட்டிலேயே பார்க்கலாம். பெரியவர் நீங்கள், தூரத்திலிருந்தே மனசார வாழ்த்துங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அப்பாவை அழிக்காத மருமகள்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போகிற நேரத்தில்தான் உங்க போன் வந்துச்சு. "பாவியா, படுபாவியா"ன்னு உங்க தம்பி செய்தி அனுப்பிக் கேட்டாராமே, அதுக்குக் கூப்பிட்டீங்க. "படுபாவிதான், நல்லா ஞாபகம் இருக்கு"ன்னீங்க, சந்தோஷம். அதோட நிறுத்தியிருக்கலாம். "ஏன்னா அப்ப நான் தலைக்குக் குளிச்சிட்டு வந்து, முடி காய வைக்கிற மெஷினைச் செருக இடமில்லாம, ஏதோ ஒரு பெட்டி வயரைப் பிடுங்கிட்டுச் செருகி, ஜன்னல் வழியாக் கேட்ட அம்மாவோட திட்டைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிட்டிருந்தேன், தம்பி பக்கத்துலதான் வீடியோவை ஏத்திட்டிருந்தான்"னு நீங்க சொன்னதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அக்கா, அந்தப் பெட்டி தூங்கல! நீங்கதான் பிடுங்கியிருக்கீங்க! நீங்க பிடுங்கினாலும் டிரைவர் சொன்னது பொய்தான், உங்க தம்பி சொன்னது நிஜம்தான், என் திருத்தமும் சரிதான். ஆனா நடுவுல கேபிளைப் பிடுங்கினதா மாமா சொன்னதும் பாதி சரின்னு ஆகிடுச்சே, இது மட்டும் அவர் காதுக்குப் போச்சுன்னா கேட்ட மன்னிப்பை இன்னிக்கே பஞ்சோட திருப்பி வாங்கிக்குவார். அதனால மேலே "ஒண்ணு விடாம" நான் எழுதினதை எல்லாம் படிச்ச உடனே கிழிச்சுப் போட்டுடுங்க. உங்களுக்கு எந்த வயரும் தெரியாது. அன்னிக்கு நீங்க தலைக்கே குளிக்கல.